அப்பாவின் 600 புத்தகங்களுக்குப் பழைய தேக்கு அலமாரி: வாங்கலாமா?

2 மார்ச், இரவு 10.40 (கேள்வி)

அப்பா போன வருஷம் தவறிவிட்டார். அவருடைய புத்தகங்கள், எண்ணிப் பார்த்ததில் 600க்குப் பக்கம், அட்டைப்பெட்டிகளில் என் வீட்டுக் கூடத்தில் கிடக்கின்றன. சிங்கப்பூர் செங்காங், நாலறை வீடு, 11வது மாடி. இணையத்தில் ஒருவர் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி விற்கிறார். '1920, அசல் பர்மா தேக்கு', 1,800 வெள்ளி. படத்தைப் பார்த்ததும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் காசுக்குச் சுவரோடு சுவராகப் புதிதாகவே அடித்துவிடலாம் என்கிறார் மனைவி. பழைய சாமான்தான் உறுதி என்று நான் சொல்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

3 மார்ச், காலை 7.15 (பதில், இனி வருவதெல்லாம் என்னுடையவை)

பழைய சாமான் உறுதி என்பது பாதி உண்மை. உறுதியாக இருந்தவை தங்கிவிட்டன, மற்றதெல்லாம் பழைய சாமான் வாங்குகிற காராங்குனிக்காரரின் வண்டியில் ஏறி எப்போதோ போய்விட்டன. நாம் தங்கியதை மட்டும் பார்த்துவிட்டு அந்தக் காலத்து வேலையே தனி என்கிறோம்.

அலமாரியை அப்புறம் பார்ப்போம் தம்பி, முதலில் புத்தகத்தை அளந்து பாருங்கள். ஒன்றுக்கு 2 சென்டிமீட்டர் கனம் என்று வைத்தால் 600 புத்தகத்துக்கு 12 மீட்டர் தட்டு வேண்டும். நீங்கள் போட்ட படத்தில் இருப்பது மூன்றடி அகலம், நான்கு தட்டு. நெருக்கி அடுக்கினாலும் மூன்றரை மீட்டர்தான் கொள்ளும். 1,800 வெள்ளியைக் கொடுத்த பிறகும் முக்கால்வாசிப் பெட்டி கூடத்திலேயே இருக்கும். உங்கள் மனைவி அதைச் சொல்லிக் காட்டாமல் விடமாட்டார்.

எடையையும் பாருங்கள். உடல் எடை பார்க்கிற தராசில் என் புத்தகங்களை 60 சென்டிமீட்டர் வரிசையாக எடுத்து நிறுத்தேன், 13 கிலோ வந்தது. எல்லாம் சாதாரணத் தமிழ்ப் புத்தக அளவுதான், கெட்டி அட்டை அதிகம் இல்லை. ஆக மீட்டருக்கு 20, 22 கிலோ. உங்கள் 600 புத்தகம் கால் டன்.

3 மார்ச், இரவு 9.50

கால் டன் என்றதும் 'வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தளம் தாங்குமா' என்று இரண்டு பேர் பதறிவிட்டார்கள். குடியிருப்புத் தளத்தைச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ என்று கணக்கிட்டு வடிவமைப்பதுதான் வழக்கம். மூன்று அலமாரியைச் சுவரோரமாகப் பிரித்து வைத்தால் நான் கவலைப்பட மாட்டேன். அறை முழுக்க நூலகம்போல வரிசை வரிசையாக நிறுத்தப்போகிறவர் பொறியாளரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

தளத்தைவிட எனக்குத் தட்டின் மேல்தான் சந்தேகம். பழைய கண்ணாடி அலமாரிகளில் பாதி புத்தகத்துக்காகச் செய்தவையே அல்ல, பீங்கானும் வெள்ளிச் சாமானும் வைக்கச் செய்தவை. தட்டு மெல்லிசாக, நீளமாக இருக்கும். அதே பலகை, அதே நெருக்கத்தில் புத்தகம், தாங்கல்களுக்கு நடுவே இடைவெளி மட்டும் 60 சென்டிமீட்டரிலிருந்து 90 ஆகிறது என்று வையுங்கள். தொய்வு ஒன்றரை மடங்கு ஆகாது, ஐந்து மடங்கு ஆகும். நடுவில் ஒரு தாங்குகட்டை கொடுத்தால் தீர்ந்தது. அல்லது தட்டை மாற்றலாம், 18 மில்லிமீட்டர் பலகைக்குப் பதில் 25 போட்டால் தொய்வு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஏற்கெனவே தொய்ந்த தட்டைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு இரண்டு வருஷம் ஓட்டியவனும் உண்டு. நான்தான்.

4 மார்ச், மதியம் 1.05

விற்பவரிடம் முன்பக்கப் படம் கேட்க வேண்டாம், அதை எல்லாரும் போடுவார்கள். பின்பலகை, இழுப்பறையின் பக்கவாட்டு, கீல், அடிப்பாகம் இந்த நான்கையும் கேட்டு வாங்குங்கள்.

என் கதை இது. 2009இல் ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) '1925' என்று சொன்ன அலமாரியை 1,400 வெள்ளிக்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்து கீலை ஆராய்ந்தால் எல்லாம் நட்சத்திரத் தலைத் திருகாணி. அந்தத் திருகாணி சந்தைக்கு வந்ததே 1930களின் நடுவில்தான். பின்னால் பிளைவுட். கண்ணாடி துளி அலை இல்லாமல் தட்டையாக இருந்தது. ஊதியும் இழுத்தும் செய்த பழைய கண்ணாடியில் தலையை அசைத்தால் எதிரே உள்ள காட்சி நெளியும். உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்கிற தட்டைக் கண்ணாடியை பில்கிங்டன் கம்பெனி அறிவித்தது 1959இல். இத்தனையும் சேர்த்துப் பார்த்தால் என் '1925' என்னைவிட இளையது.

இழுப்பறையை முழுதாக வெளியே உருவிப் பாருங்கள். முன்பலகையும் பக்கப் பலகையும் சேர்கிற மூலையில் புறா வால்போல விரிந்த பற்கள் கோத்திருக்கும். பற்கள் ஒன்று பெரிசு ஒன்று சிறிசு என்று இருந்து, பக்கத்தில் ஊசிக்கோடு தெரிந்தால் கையால் அறுத்தது. எல்லாம் அச்சு வார்த்தாற்போல ஒரே அளவில் இருந்தால் இயந்திரம். இயந்திர வேலை மட்டம் என்று சொல்லவில்லை, விலையில் அது தெரிய வேண்டும்.

4 மார்ச், இரவு 11.30

மதியம் எழுதியதில் ஒரு திருத்தம். திருகாணியை மட்டும் வைத்து வயசைத் தீர்மானிக்கக் கூடாது. கீல் ஆடினால் யாரும் புதுத் திருகாணி போடுவார்கள், கண்ணாடி உடைந்தால் புதுசு மாற்றுவார்கள். பக்கத்தில் அடைத்த பழைய துளை இருக்கிறதா, பழைய கீலின் நிழல் மரத்தில் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அலமாரி பழையது, கீல் புதுசு. என்னுடையதில் அப்படி எதுவும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏமாந்தேன் என்று எழுதினேனே தவிர, அந்த அலமாரி 16 வருஷமாகப் புத்தகம் தாங்குகிறது. நூறு வருஷம் தாண்டியதைத்தான் ஆண்டீக் என்கிறார்கள், அதற்கு இந்தப் பக்கம் உள்ளது விண்டேஜ். 1950, 60களில் இங்கே அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் செய்த தேக்கு அலமாரிகள் கோப்புக்கும் புத்தகத்துக்கும் என்றே செய்தவை. தட்டு கனம், ஆழம் ஓர் அடி, பூவேலை கிடையாது. அதனால்தான் விலையும் ஏறவில்லை. வைப்பது புத்தகம் என்றால் என் ஓட்டு அதற்குத்தான்.

5 மார்ச், காலை 6.50

பூச்சி. இதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

தேக்கில் கரையான் வராது என்கிறார்கள். வைரம் பாய்ந்த கட்டையில் அவ்வளவு சுலபமாக வராது, உண்மைதான், அதில் உள்ள எண்ணெய்ப் பசை அப்படி. ஆனால் தச்சர் கையில் இருந்த மரம் முழுக்க வைரமாகவா இருந்திருக்கும்? உள்ளே கண்ணுக்குப் படாத இடத்தில் வெளிறின மரத்தை வைத்திருப்பார். பின்பலகைக்கு வேறு மட்டமான மரம் போட்டிருப்பார். பூச்சி அங்கே நுழையும்.

அடியில் கறுப்புத் தாள் விரித்து இரண்டு வாரம் விடுங்கள். மாவுபோல மெல்லிய தூள் விழுந்தால் உளுக்கிறது, வண்டு வேலை. மணிமணியாக விழுந்தால் உலர்மரக் கரையான், அதற்கு மண் தொடர்பே வேண்டாம், 11வது மாடியில் நாற்காலிக்குள்ளேயே குடும்பம் நடத்தும். கசகசா மாதிரி இருக்கும் என்று எழுத வந்தேன், கசகசாவை இந்த ஊருக்குள் கொண்டுவரக் கூடாது என்பதால் பிள்ளைகள் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். பழுப்பு ரவை என்று வைத்துக்கொள்ளுங்கள், உருப்பெருக்கியில் ஒவ்வொரு மணிக்கும் ஆறு பட்டை தெரியும். பழைய ஓட்டை மட்டும் இருந்து தூள் விழவில்லை என்றால் பயப்பட வேண்டியதில்லை, பேரம் பேச உதவும்.

புத்தகப் பக்கம் இராமபாணப் பூச்சி இருக்கவே இருக்கிறது. அது ஈரத்துக்கும் பைண்டிங் பசைக்கும் வருகிறது. தட்டுக்கு இரண்டு பாச்சை உருண்டை போட்டால் போதும்.

6 மார்ச், காலை 8.20

நேற்றைய கடைசி வரியை அடித்துவிடுங்கள். பாச்சை உருண்டை வேண்டாம். வாசகி ஒருவர் தனியாக எழுதி என்னைத் திட்டினார், நியாயமான திட்டு. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு அந்த உருண்டையில் இருக்கிற நாஃப்தலீன் வாடையே ஆபத்து, ரத்தச் சிவப்பணு உடைந்துவிடும். இங்கே பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் தொப்புள்கொடி ரத்தத்தில் இதைச் சோதிக்கும் வழக்கம் 1965இலிருந்து இருக்கிறது, என் பேரனுக்கும் சோதித்தார்கள், அட்டையில் எழுதியும் கொடுத்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டே உருண்டை போடச் சொல்லியிருக்கிறேன்.

உருண்டை வாடை ஏறிய பழைய அலமாரி வாங்கினாலும் கதவைத் திறந்து பல நாள் காற்றாட விட்டுவிட்டு உள்ளே கொண்டுபோங்கள். பழைய பெயிண்ட் அடித்த அலமாரியை வீட்டுக்குள் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்கும்.

வசம்பு வைக்கலாமா என்றும் கேட்டார். என் பாட்டி ஏட்டுச் சுவடிக்கு வைப்பார். நானும் வைக்கிறேன். பூச்சிக்காக என்பதைவிடப் பாட்டிக்காக.

8 மார்ச், மாலை 4.00

லிஃப்ட்!! வாங்கும் முன்பே லிஃப்ட் கதவின் அகலம், உயரம், உள்ளே மூலைக்கு மூலை அளவு, வாசல் திருப்பம் எல்லாம் அளந்துகொள்ளுங்கள். 90களில் அங் மோ கியோவில் எங்கள் புளோக்கில் லிஃப்ட் சில மாடியில் மட்டும் நிற்கும், மேம்பாட்டுத் திட்டமெல்லாம் 2001க்கு அப்புறம்தானே. என் மாமனார் தந்த அலமாரியை நான்கு பேர் இரண்டு மாடி படியில் தூக்கினோம். திருப்பத்தில் சிக்கியதும் மச்சான் 'மேல் அலங்காரத்தை அறுத்துவிடலாமா' என்று கேட்டார், மாமனார் அவரைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம்தான் தெரிந்தது, அந்த மேற்பகுதி தனியாகக் கழன்று வரும். நல்ல பழைய அலமாரிகள் பல அப்படித்தான், மேலே தலை, கீழே பீடம், நடுவே உடம்பு. தூக்குவதற்கு முன் ஒரு தரம் தட்டிப் பார்த்துவிடுங்கள்.

இந்தக் கவலையே இல்லாதது வக்கீல் அலமாரி. ஒவ்வொரு தட்டும் தனிப் பெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. கண்ணாடியை மேலே தூக்கி உள்ளே தள்ளினால் பெட்டிக் கூரைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். 1892இல் வெர்னிக்கி என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கினார், பின்னால் குளோப் வெர்னிக்கி என்ற பெயரில் உலகமெல்லாம் போனது. வக்கீல்கள் அலுவலகம் மாற்றும்போது புத்தகத்தை இறக்காமலே பெட்டி பெட்டியாகத் தூக்கிப் போவார்களாம். இன்றைக்குச் செய்த நகலும் நிறைய வருகிறது. கண்ணாடியைத் தூக்கிப் பாருங்கள், இரண்டு பக்கமும் சமமாக ஏற வேண்டும், கோணினால் உள்ளே இருக்கிற இரும்புக் கத்தரி போய்விட்டது என்று அர்த்தம். அழகு என்று பார்த்தால் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. நான் இதுவரை வாங்கவில்லை, விலை கேட்டதோடு சரி.

9 மார்ச், இரவு 8.45

'காரைக்குடியிலிருந்து இறக்கினால் மலிவாச்சே' என்று ஒருவர். முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு நாள் முழுக்கச் சுற்றியிருக்கிறேன், அது மலிவு வாங்கப் போகிற இடம் இல்லை, ஆசையை வளர்த்துக்கொள்ளும் இடம். நகரத்தார் பர்மாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த தேக்கு, பிரித்த வீடுகளிலிருந்து தெருவுக்கு வந்து கிடப்பதைப் பார்த்தால் மனசு என்னவோ செய்யும்.

ஆனால் சட்டத்தை யோசியுங்கள். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷத்துக்குக் குறையாத கலை, கைவினைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆகவே '150 வருஷச் செட்டிநாட்டு அலமாரி, முறைப்படி ஏற்றுமதியானது' என்று ஒருவர் சொன்னால் அந்த வாக்கியத்தில் ஏதோ ஒரு பாதி பொய். ஈட்டி மரமாக இருந்தால் 2017 முதல் அந்த மர இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது, அனுமதி பற்றி இங்கே தேசியப் பூங்காக் கழகத்திடம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். சாமானைச் சுற்றி அடிக்கிற மரச்சட்டத்துக்கும் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியதற்கோ புகையூட்டியதற்கோ முத்திரை கேட்கலாம். சாமான் விலையோடு கப்பல் கூலியையும் காப்புறுதியையும் சேர்த்து அதன்மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. இத்தனையும் போட்டுப் பார்த்தேன், ஆசை தானாக அடங்கிவிட்டது.

11 மார்ச், இரவு 10.10

கண்ணாடிக் கதவு பற்றி என் கருத்து மாறிக்கொண்டே இருக்கிறது. தூசு வராது என்று பத்து வருஷம் கண்ணாடிதான் என்றேன். அப்புறம் ஒரு டிசம்பர் மழையில் நாலு நாள் திறக்காமல் விட்டதில் கீழ்த்தட்டில் பூசணம். நம் ஊரில் ஈரப்பதம் சராசரி 80க்கு மேல், 70 தாண்டினாலே பூசணத்துக்குக் கொண்டாட்டம். கண்ணாடி தூசியைத் தடுக்கும், ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். இப்போது எனக்குக் கண்ணாடியும் சரி, ஆனால் பின்பலகையில் மேலே கீழே விரல் கனத்துக்கு ஓட்டை இருக்க வேண்டும், சுவரிலிருந்து மூன்று விரல் தள்ளி நிற்க வேண்டும், வாரம் ஒரு தரம் கதவைத் திறந்து காற்றாட விட வேண்டும். தள்ளி வைத்தாலும் தலைப் பக்கத்தைச் சுவரோடு பட்டை போட்டுக் கட்டிவிடுங்கள், பிள்ளைகள் ஏறுவார்கள்.

இதைத்தான் அந்தக் காலத்து மலாய், பெரனாக்கன் சமையலறைகளில் கெரோபோக் என்ற சாப்பாட்டு அலமாரி செய்தது. கதவில் கண்ணாடிக்குப் பதில் வலையோ சட்டமோ இருக்கும், கறி சோறு கெடாமல் காற்று போகும், கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. நம் பாட்டிகளும் கிண்ணம் வைத்தவர்கள்தான். வழியில் சொல்கிறேன், மலாய்க்காரர் அல்மாரி என்கிறார், நாம் அலமாரி என்கிறோம், இரண்டுமே போர்த்துகீசியரிடம் வாங்கியது. பீரோ பிரெஞ்சுக்காரரிடம் வாங்கியது. நிலைப்பேழை என்று எழுதினால் யாருக்கும் புரியாது, எனக்கும் பிடித்த சொல்தான்.

கெரோபோக்கின் ஆழம் ஒன்றரை அடி வரும், புத்தகத்துக்கு அது கெடுதல், இரண்டு வரிசை அடுக்குவோம், பின் வரிசை நமக்கு மறந்துபோகும், பூசணத்துக்கு மறக்காது. ஆனாலும் என்னிடம் ஒன்று இருக்கிறது. அம்மா வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்துவைத்த தொகுதிகள் பெரிய அளவு, அதில் படுக்கவைத்தால் கச்சிதம். கைப்பிடி மட்டும் சுங்கை ரோட்டில் 5 வெள்ளிக்கு வாங்கியது. அந்தத் திருட்டுச் சந்தையை 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள், இனி கைப்பிடிக்கு எங்கே போவது.

12 மார்ச், காலை 7.00

ஏர்கான் பற்றி எழுத மறந்துவிட்டேன். காற்று நேரே அடிக்கிற இடத்தில் பழைய மரத்தை வைக்காதீர்கள். பகலில் ஈரம், இரவில் வறட்சி, மரம் அகலத்தில் நீண்டு சுருங்கும். பக்கப் பலகை சட்டத்துக் காடியில் சும்மா உட்கார்ந்திருந்தால் அசைந்து கொடுக்கும், பிற்பாடு யாராவது பசை போட்டு இறுக்கியிருந்தால் வெடிக்கும். எங்கள் வீட்டில் அது வெடித்தது சீனர்களின் ஏழாம் மாதத்தில், ஆவிகள் வரும் மாதம் என்பார்களே, அதில் நள்ளிரவில், 'டப்'பென்று. யார் வீட்டுச் சாமானோ என்று முதல் நாளிலிருந்து முணுமுணுத்த மாமியார், விடிந்ததும் அலமாரிக்கு எலுமிச்சம்பழம் சுற்றினார்.

15 மார்ச், இரவு 9.30

கேள்வி கேட்ட தம்பி இன்று படம் அனுப்பியிருக்கிறார். '1920'காரரிடம் பின்பலகைப் படம் கேட்டாராம், அவர் பதிலே போடவில்லை. அப்புறம் மேல் புக்கிட் தீமா சால்வேஷன் ஆர்மி பழைய சாமான் கடைக்கு மூன்று சனிக்கிழமை போகத் தயாராக இருங்கள் என்று நான் சொன்னேன், அவர் அதற்கும் போகவில்லை, மூடப்போகிற ஓர் அலுவலகத்திலிருந்து ஒரே மாதிரி தேக்கு அலமாரி இரண்டை 700 வெள்ளிக்கு எடுத்துவிட்டார். ஐந்து தட்டு, நடுவில் தாங்குகட்டை, கண்ணாடி தள்ளுகதவு, தட்டைக் கண்ணாடிதான். 60களின் கடைசி என்பது என் ஊகம். லிஃப்டில் இரண்டு சென்டிமீட்டர் மிச்சத்தில் ஏறியது.

புத்தகத்தையும் அளந்திருக்கிறார். சராசரி 2 சென்டிமீட்டர் இல்லை, ஒன்றரைதான், அப்பா மெல்லிசுக் கவிதைப் புத்தகம் நிறைய வாங்கியவராம். மொத்தம் ஒன்பது மீட்டர், இரண்டு அலமாரியில் அடங்கிவிட்டது. என் 12 மீட்டர் கணக்கு தப்பு, ஒப்புக்கொள்கிறேன். மனைவி சொன்ன அடிச்சு வைக்கிற வேலை படுக்கையறைக்குப் போயிருக்கிறதாம், ஆக இரண்டு பேரும் ஜெயித்துவிட்டார்கள்.

மேற்பூச்சு ஒரு இடத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, வார்னிஷ் அடித்துவிடலாமா என்கிறார். பொறுங்கள். பின்பக்கம் மறைவான மூலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை ஒற்றுங்கள். பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலிஷ், அரக்கையே மெல்லிசாக மேலே தேய்த்தால் போதும். அதன்மேல் இன்றைய பாலியூரிதேன் அடித்தால் சில மாதத்தில் தோல் உரிகிற மாதிரி உரிந்து வரலாம்.

16 மார்ச், காலை 8.05

இரண்டுக்கும் சாவி இல்லையாம். என்னிடம் ஒரு பிஸ்கட் டின் நிறையப் பழைய சாவி இருக்கிறது, ஒன்றாவது பொருந்தும் என்று நினைக்கிறேன். ஞாயிறு பத்து மணிக்குத் தேக்கா சந்தை மாடிக்கு வாருங்கள் தம்பி. பூட்டைக் கழற்ற வேண்டாம், சாவித் துளையின் படத்தை நேரே எடுத்து, பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்துக்கொள்ளுங்கள். துளையின் நடுவிலிருந்து கதவு ஓரம் வரை எத்தனை மில்லிமீட்டர் என்றும் எழுதிக்கொண்டு வாருங்கள். சாவி எதுவும் பொருந்தாவிட்டால் புதுப் பூட்டு தேட அந்த அளவு வேண்டும். தேநீர் உங்கள் செலவு.